தேறாது

அலமாரியை நகர்த்தியபோதுதான் கிடைத்தது
சுவரோடு சுவராக ஒட்டிப்போயிருந்த பேரேடு.
ஐம்பத்தெட்டாம் வருட அறுவடை.
எனக்கு முன்னால், முன்னாலுக்கும் முன்னால்,
இதே ஜன்னலோரம் உட்கார்ந்து
சங்கத்தின் லிட்டர்களைக் கூட்டிய
துல்லியோவின் சாய்ந்த கையெழுத்து.
வகை, பரப்பு, குவிண்டால், வரவு.
பெக்கொரீனோ என்ற வரிக்கு நேரே
நீலப் பென்சிலில் ஒரே சொல்:
தேறாது.

அவரைக் குறை சொல்லமாட்டேன்.
சின்னக் குலை. ஊருக்கு முன்னே பழுத்துவிடும் அவசரம்.
பக்கத்து வரிசைத் திரெப்பியானோ
மூன்று வண்டி நிறைக்கும்போது
இது ஒன்றரைக் கூடையோடு நின்றுவிடும்.
அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால்
பென்சிலின் நிறம்தான் மாறியிருக்கும்.

பிடுங்கினார்கள். அடுப்பில் வைத்தார்கள்.
மலைமேல் யாரும் எட்டிப்பார்க்காத சரிவொன்றில்
பிடுங்கச் சோம்பல்பட்ட எவனோ ஒருவன் தயவில்
நாலு கொடி தப்பியது.
இதை எந்த லேபிளிலும் போடமாட்டார்கள்.
போடச் சொல்லிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை. கடைசி டிராக்டரும் போயாயிற்று.
எடைமேடை விளிம்பில் கால் தொங்கப்போட்டு மூன்று பேர்.
எல்விரா கொண்டுவந்த காகிதக் கூம்பில்
வறுத்த ஆலிவ்: உள்ளே இறைச்சி,
வெளியே ரொட்டித்தூள், விரலைச் சுடும் எண்ணெய்.
நத்ஸரேனோ தக்கை பிடுங்கக் கருவி தேடினான்.
திருகு மூடிடா, என்றேன்.
ஆறு யூரோ எண்பதுக்குத் தக்கையும் கேட்குமா?

விலை போட்டது நான்.
பதினொன்று என்றார் தலைவர், கதை இருக்கிறதே என்றார்.
கதையைத் தனியாக விற்றுக்கொள்ளுங்கள்,
குடிப்பதை மீன்காரியும் வாங்கட்டும் என்றேன்.

ஆட்டுப்பால் சீஸின் பெயராச்சே,
இதைத் துருவணுமா, ஊத்தணுமா?
எல்விரா வருடாவருடம் கேட்பாள்.
வருடாவருடம் அவள் மட்டும் சிரிப்பாள்.

பிளாஸ்டிக் தம்ளரில்
வைக்கோல் அலசிய தண்ணீர்போல் ஒரு நிறம்.
முகர்ந்தால் பச்சைப் பேரிக்காயின் தோல்,
தூரத்தில், யாரோ மென்றுவிட்டுப் போன சோம்பு.
நாக்கில் முதலில் எலுமிச்சை உரசிக்கொண்டு போனது.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்.
அப்புறம் வந்தது உப்பு.
இருபது கிலோமீட்டரில் கிடக்கிற கடலின் உப்பு அல்ல.
யாரும் பார்க்காத நேரம்
கூழாங்கல்லை எடுத்து நக்கிய வயதின் உப்பு.
விழுங்கியும் போகவில்லை.
கணக்குப் புத்தி தானாக எண்ணத் தொடங்கியது:
ஆறு, ஏழு, எட்டு…
பதினான்கில் எல்விரா ஆலிவை நீட்டி
எண்ணிக்கையைக் கெடுத்தாள்.

ரேடியேட்டர் தண்ணிக்கு இது மேல்,
என்று நத்ஸரேனோ சொன்னான்.
தம்ளரை மறுபடி நீட்டினான்.
மெக்கானிக் வாயில் இதுவே பாராட்டுப் பத்திரம்.

இரண்டாம் சுற்றில் அவனுக்கு ஒரு யோசனை.
மேடையை முடுக்கச் சொன்னான்.
மூவரும் ஏறி நின்றோம்:
இருநூற்று இருபது கிலோ.
சண்டை வந்தது, யார் எவ்வளவு என்று.
இறங்கி, புட்டியை மட்டும் நடுவில் வைத்தோம்.
பூஜ்யம்.
திறக்காத இன்னொன்றை வைத்தோம்.
அதற்கும் பூஜ்யம்.
இருபதுக்குக் கீழே இதுக்குக் கண் தெரியாது,
என்றாள் எல்விரா,
பிள்ளைக்காகப் பள்ளியில் மன்னிப்புக் கேட்பவள்போல
இரும்பைத் தடவிக்கொண்டே.

சிவப்பு எண்கள் இருட்டில் எரிந்துகொண்டிருந்தன.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
அந்த வெளிச்சத்தில்தான் மீதி ஆலிவைத் தின்றோம்.

காலையில் ரப்பரை எடுத்துப் பேரேட்டைத் திறந்தேன்.
அழிக்கவில்லை.
கையெழுத்து அழகாயிருந்தது, அது ஒரு காரணம்.
இந்த வருடமும் நஷ்டம் எழுநூற்றுச் சொச்சம்,
அது இன்னொன்று.
புதுப் பக்கத்தில் வகை, பரப்பு, குவிண்டால் எழுதி
குறிப்புப் பத்தியைக் காலியாக விட்டேன்.

குளிர்பெட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு
தேறல் மிச்சம் வைத்திருந்தோம்.
காணோம்.
தலைவர் அறையில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர்.
கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.